முப்பத்து நாலரை

ஆரணி
9 பிப்ரவரி 2026

பானுப்ரியாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன வாரம் உன் எண்ணுக்கு அழைத்து, "நான் ரத்னமாலா மிஸ் பேசறேம்மா" என்றேன். நீ உடனே வைத்துவிட்டாய். மறுபடி அழைத்தபோது இணைப்பே போகவில்லை. அதனால்தான் கண்ணமங்கலம், பானு கம்ப்யூட்டர் சென்டர் என்று விலாசம் எழுதி இதை அஞ்சலில் போடுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவர் டிசம்பரில் வேலையை விட்டுப் போய்விட்டார். ஜூனிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தையும் நானே எடுக்க வேண்டுமாம். "முப்பது வருஷமா கணக்கு எடுக்கறீங்க, இது வராதா? வரலன்னா சொல்லிடுங்க, சின்ன வயசுல யாரையாவது பாத்துக்கறேன்" என்றார் தாளாளர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டில் என் கணவர் பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வேலையும் போனால் எங்கள் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அதில் வரும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்குப் புத்தகம் ஒன்று வாங்கினேன். உள்ளமைந்த செயற்கூறுகள் என்று ஒரு பாடம். மூன்று நாளாக அதையே வாசிக்கிறேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. பள்ளியில் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் அன்றே தாளாளர் காதுக்குப் போய்விடும். ஒன்றும் தெரியாதவர்களுக்குக்கூடப் புரிய வைக்கிற பெண் என்று உன் பெயரைச் சொன்னார்கள். அது நீதான் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உனக்கு என்மேல் வருத்தம் இருக்கலாம். அதை மனதில் வைக்காமல் உதவி செய்.

ரத்னமாலா


கண்ணமங்கலம்
14 பிப்ரவரி 2026

ரத்னமாலா மிஸ்ஸுக்கு,

வருத்தம் "இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. பாடம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் போனில் பேச மாட்டேன். நேரில் வர வேண்டாம். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுதிக் கொடுத்துவிட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

செயற்கூறு என்றால் பெரிய விஷயமில்லை. யாரோ முன்பே எழுதி உள்ளே வைத்துவிட்டுப் போன வேலை அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடைப்புக்குறிக்குள் சரக்கைப் போட்டால் வேலையை முடித்துக் கொடுக்கும். எப்படி முடித்தாய் என்று நாம் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை. முதலில் இரண்டு போதும்.

print("ஆரணி")

இதைத் தட்டினால் திரையில் ஆரணி என்று வரும்.

a = input()

இது உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். நீங்கள் தட்டியதை a என்ற பெயரில் வைத்துக்கொள்ளும்.

செய்துவிட்டு எழுதுங்கள். வரவில்லை என்றால் என்ன தட்டினீர்கள் என்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதுங்கள்.

பானுப்ரியா


ஆரணி
24 பிப்ரவரி 2026

அன்புள்ள பானுப்ரியா,

வரவில்லை. இரண்டு நாள் போராடினேன். நான் தட்டியது: Print("ஆரணி"). சிவப்பு எழுத்தில் என்னவோ திட்டுகிறது. செல்போனில்தான் செய்தேன். பிறகு பள்ளியிலிருந்து பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டு வந்து செய்தேன், வந்துவிட்டது. செல்போன் தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு நாள் ஆனது.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு பிள்ளையின் இரண்டு மதிப்பெண்களை input வைத்து வாங்கிக் கூட்டினேன். 31, 38. இது 3138 என்று காட்டுகிறது! நான்கு தடவை போட்டேன், நான்கு தடவையும் மூவாயிரத்து நூற்று முப்பத்தெட்டு. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு ஒரு கூட்டல் கணக்கில் தோற்று உட்கார்ந்திருந்தேன் பானு. அவர் கட்டிலில் இருந்தபடி என்னையே பார்த்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்பது சமணர்களான எங்கள் வழக்கம். அன்று அவருக்கு ஊட்ட மறந்து பொழுது சாய்ந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை, பட்டினியாகவே தூங்கினார்.

எனக்கு இது வராது என்று தோன்றுகிறது. தயவுசெய்து விட்டுவிடாதே.

ரத்னமாலா


கண்ணமங்கலம்
2 மார்ச் 2026

மிஸ்,

3138-ஐப் பார்த்துச் சிரித்தேன். பிறகு, உங்கள் வீட்டில் நடந்ததைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

input எதைக் கொடுத்தாலும் அதை எழுத்தாகத்தான் வாங்கும். எண் என்று நாம் சொல்ல வேண்டும். a = int(a) என்று ஒரு வரி சேர்த்தால் எண்ணாகிவிடும். ஒன்று எழுத்தா எண்ணா என்று சந்தேகம் வந்தால் type என்ற செயற்கூறைக் கேளுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று பட்டென்று சொல்லிவிடும். உங்களுக்கு அது கேட்காமலேயே தெரியும்.

மதிப்பெண்களை m = [31, 38] என்று ஒரு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். len(m) எத்தனை இருக்கிறது என்று சொல்லும். max(m) பெரியதைக் காட்டும், min(m) சின்னதை. sum(m) கூட்டிக் கொடுக்கும். sum(m)/len(m) என்றால் சராசரி. 34.5 வரும்.

34.5. இந்த எண் வரும்படி நீங்கள் தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா?

2011, பதினொன்றாம் வகுப்பு, கணக்கு. அரையாண்டு 33, ஆண்டுத் தேர்வு 36. சராசரி முப்பத்து நாலரை. உங்கள் அக்கா மகள் திரிசலாவுக்கும் அதே முப்பத்து நாலரை. அவளுக்கு முப்பத்தைந்து ஆனது, எனக்கு முப்பத்து நாலு ஆனது. நான் சொன்னதை நம்பி அப்பா தறியை நிறுத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கு வந்து உங்களைக் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அரையெல்லாம் இல்லீங்க, உங்க பொண்ணு சரியா முப்பத்தி நாலுதான்." விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேட்க அவருக்குத் தெரியாது.

அன்று அப்பா என்னை அடித்தார். ஃபெயிலானதற்கு இல்லை, பொய் சொன்னதற்கு. மறுநாள் என்னைத் தறியில் உட்கார வைத்தார். ஆறு வருடம். அதற்குப் பிறகு தனித்தேர்வு எழுதி, அஞ்சல்வழியில் பட்டம் வாங்கி இங்கே வந்து சேர்ந்தேன். எத்தனையோ தடவை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "டீச்சரம்மா பொய் சொல்லுவாங்களா?" என்பார்.

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள் ஒன்று வருடா வருடம் உங்கள் வீட்டில் உண்டு என்று திரிசலா அப்போது சொல்லியிருக்கிறாள். பதினைந்து தடவை வந்து போயிருக்கும்.

பயிற்சி செய்யுங்கள்.

பானுப்ரியா


ஆரணி
15 மார்ச் 2026

அன்புள்ள பானுப்ரியா,

நீ எழுதியது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த வருடம் அறுபது பிள்ளைகள். அப்படி ஒன்று நடந்திருந்தால் அது வேண்டுமென்று செய்ததாக இருக்காது. இதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

int சேர்த்ததும் 69 வந்தது. கைதட்டிவிட்டேன்! len, sum, max, min எல்லாம் இப்போது கைக்குள் வந்துவிட்டன. நேற்று தாளாளர் என் மேசைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லயே" என்றார். பதினொன்றாம் வகுப்பின் கணக்கு மதிப்பெண் பட்டியலை இந்த வருடம் பைத்தானிலேயே போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். அரையாண்டு, ஆண்டுத் தேர்வு இரண்டுக்கும் சராசரி. முப்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிடுவார், அடுத்த வருடப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டுமே. இந்தப் பட்டியல் சரியாக வந்தால் ஜூனில் என் வேலையும் உறுதி.

சராசரியில் அரை வந்தால் முழு எண்ணாக மாற்ற வேண்டும். புத்தகத்தில் round என்று ஒன்று இருக்கிறது. அதைப் போடலாமா? நாம் செய்வதுபோல அரையை மேலே ஏற்றுமா? உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

ரத்னமாலா


கண்ணமங்கலம்
21 மார்ச் 2026

மிஸ்,

round போடலாம். எளிதுதான்.

round(35.5) என்றால் 36 வரும். round(47.5) என்றால் 48. round(61.5) என்றால் 62. நாம் வகுப்பில் செய்வதுபோலத்தான். மூன்றையும் தட்டிப் பாருங்கள்.

பட்டியல் நன்றாக வரட்டும். உங்கள் வீட்டுக்காரர் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானுப்ரியா


ஆரணி
6 மே 2026

அன்புள்ள பானு,

பட்டியல் ஒட்டியாகிவிட்டது! நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ சொன்ன மூன்றையும் முதலில் தட்டிப் பார்த்தேன், மூன்றும் சரியாக வந்தன. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். தாளாளர் மற்ற ஆசிரியர்களை எல்லாம் கூப்பிட்டு, "பாருங்க, இனிமே யாரும் மார்க்குல தப்பு சொல்ல முடியாது, மிஷின் போட்டது" என்றார். ஜூனிலிருந்து பாடம் எனக்குத்தான் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு பிள்ளைதான் தேறவில்லை. காவ்யா என்று நெசவுக் குடும்பத்துப் பெண், முப்பத்து நாலு. பாவமாக இருந்தது, ஆனால் என்ன செய்ய முடியும்?

இந்த உதவியை நான் மறக்க மாட்டேன். பதில் எழுது.

ரத்னமாலா


ஆரணி
22 மே 2026

பானுப்ரியா,

இந்தக் கடிதத்தை வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சலுக்கு நேரமில்லை.

இன்று காலை காவ்யாவின் அம்மா கன்னியம்மாள் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு விடைத்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்: "முப்பத்திரண்டும் முப்பத்தேழும் அறுபத்தொம்போது. அதுல பாதி முப்பத்தி நாலரை. பாதி வந்தா மிஸ் ஏத்திடுவாங்கன்னு புள்ள சொல்லிகினே இருந்தா. நீங்க இன்னாத்துக்கு மிஸ் எறக்கினீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது மிஷின் போட்டதும்மா, தப்பு வராது" என்றேன். அந்தம்மா அழவில்லை. "அவரு டிசி வாங்கி, புள்ளய ஓசூர்ல கார்மென்ட்ஸ் ஆஸ்டல்ல உட்டுட்டு வந்துட்டாரு. போன்கூட கைல குடுக்க மாட்டேன்றாங்க. ஒண்ணாந்தேதி வேற எங்கியோ யூனிட்டுக்கு ஏத்திகினு போயிடுவாங்களாம். தப்பு வராதுன்னா சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் லேப்டாப்பைத் திறந்தேன். round(34.5) என்று தட்டினேன். 34. மறுபடி தட்டினேன். 34. 35.5 தட்டினேன், 36. 36.5 தட்டினேன், 36! 37.5 தட்டினேன், 38. நான் கணக்கு வாத்தியார், இதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அரைக்கு முன்னால் ஒற்றைப்படை எண் இருந்தால் மேலே போகிறது, இரட்டைப்படை இருந்தால் கீழே இறங்குகிறது.

உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 35, 47, 61. மூன்றும் ஒற்றைப்படை. ஒன்று தற்செயலாக அமையலாம். மூன்றும் அமையுமா பானு?

தாளாளரிடம் ஓடினேன். "லிஸ்ட் போயாச்சு, டிசியும் குடுத்தாச்சு. இப்ப மாத்தினா நாப்பது பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்றார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை. நீ தெரிந்து செய்தாயா இல்லையா என்று மட்டும் சொல். இல்லை, அதைக்கூடச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையை எப்படித் திருப்பிக் கொண்டு வருவது என்று சொல்.

ரத்னமாலா


கண்ணமங்கலம்
24 மே 2026

மிஸ்,

தெரிந்து செய்தேன்.

அது பைத்தானில் உள்ள வழக்கம்தான். அரை வந்தால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். என்னிடம் படிக்கிற எல்லோருக்கும் இதை இரண்டாவது வாரமே சொல்லிவிடுவேன். உங்களுக்கு மட்டும் தேடித் தேடி மூன்று ஒற்றைப்படை எண்களை எழுதினேன். "நாம் வகுப்பில் செய்வதுபோலத்தான்" என்று எழுதியது பச்சைப் பொய்.

உங்கள் "நினைவில்லை"யைப் படித்த கோபத்தில் எழுதினேன். பட்டியலை ஒட்டியதும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், என் மார்க் ஏன் இறங்கியது?" என்று கேட்கும், நீங்கள் எல்லோர் முன்னாலும் பதில் தெரியாமல் நிற்பீர்கள், அது போதும் என்று நினைத்தேன். முப்பத்து நாலரை வாங்கிய பிள்ளை ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

இல்லை, இதுவும் பொய். நினைத்தேன். அரை நிமிடம் நினைத்தேன், பிறகு உறையை ஒட்டினேன். உங்கள் மே மாதக் கடிதத்தில் காவ்யா, முப்பத்து நாலு என்று படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பதில் எழுதாமல் பதினைந்து நாள் ஒளிந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், "ஏன் சாப்பிடாம கீற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் சொல்லவில்லை. உங்களைப்போலவே ஆகிவிட்டேன் மிஸ். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பைத்தானுக்காவது ஒரு விதி இருக்கிறது, யாராக இருந்தாலும் அதே விதி. 2011-ல் உங்கள் விதி என்ன?

நேற்று ஆரணிக்கு வந்து முருகேசனைப் பார்த்தேன், காவ்யாவின் அப்பா. எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த தெரு. தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. "நீ யாரும்மா? உன் வாய்ச் சொல்ல நம்பி நான் ஓசூர் போவணுமா? மார்க்கு போட்ட மிஸ்ஸு தப்புன்னு எழுதிக் கையெழுத்து போடட்டும். அப்ப வரேன்" என்றார். அவர் வந்தால்தான் ஆஸ்டலில் பிள்ளையை விடுவார்கள். என் அப்பாவும் அன்று இப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்தால் உங்கள் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு நிலைமையும் தெரியும். கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். ஜல்தியாக அனுப்புங்கள்.

பானுப்ரியா


ஆரணி
26 மே 2026

பானு,

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு. முதல் நாள் முழுக்க எழுதாமல் இருப்பதற்குக் காரணம் தேடினேன். நிறையக் கிடைத்தன. கட்டிலில் படுத்திருக்கிறாரே, அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? நேற்று அவரிடமே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேச வராது அவருக்கு. நல்லபடியாக இருக்கும் வலது கையால் மேசையைக் காட்டினார். பேனாவைக் காட்டுகிறார் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது.

காலையில் தாளாளரிடம் நான் எழுதியதன் ஒரு பிரதியைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்ப ஜூன்ல நீங்க வரவேணாம்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாள் முருகேசனுக்கு. "உங்கள் மகள் காவ்யா கணக்குப் பாடத்தில் எடுத்தது 34.5. அதை 35 ஆக எடுத்துக்கொண்டு தேர்ச்சி கொடுத்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் பட்டியல் போட்டது என் தவறு. அவள் தேறியவள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பள்ளி முத்திரை தர மாட்டார்கள். என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது போதுமா என்று தெரியவில்லை.

இரண்டாவது தாள் உன் அப்பாவுக்கு. அதை இங்கேயும் எழுதுகிறேன், நீயும் படிக்க வேண்டும்.

"திரு. கந்தசாமி அவர்களுக்கு. 2011-ல் உங்கள் மகள் பானுப்ரியா கணக்கில் எடுத்தது 34.5. நீங்கள் வந்து கேட்டபோது 34 என்று சொன்னேன். நான் சொன்னது பொய். உங்கள் மகள் சொன்னது உண்மை. ரத்னமாலா."

என் விதி என்ன என்று கேட்டாய். நினைவில்லை என்று எழுதினேனே, எல்லாம் நினைவிருக்கிறது. இரண்டு தாளும் அடுத்தடுத்து இருந்தன. திரிசலாவுக்கு அரையை ஏற்றினேன். உன்னுடையதையும் ஏற்றத்தான் பேனாவை வைத்தேன். இரண்டு பேருக்கும் ஏற்றினால் அக்கா மகளைக் காப்பாற்றத்தான் எல்லோருக்கும் தாராளம் காட்டுகிறேன் என்று பேச்சு வரும் என்று தோன்றியது. நான் கண்டிப்பானவள் என்று காட்ட ஒருத்தி தேவைப்பட்டாள். நீ மற்றப் பாடங்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளை, எப்படியும் எழுந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு உன் அப்பா சட்டைப் பொத்தானை எல்லாம் கழுத்துவரை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றபோது, உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் பானு. இவ்வளவு அற்பமான காரணம்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற நாள் செப்டம்பரில்தான் வரும். அதுவரை காத்திருக்க எனக்கு முடியவில்லை. உன் கையால் அந்தத் தாளை அப்பாவிடம் கொடு. அவர் என்னைத் திட்டட்டும்.

நீ செய்தது தப்புதான். ஆனால் அந்த அரையை முதலில் இறக்கியவள் நான்.

ரத்னமாலா


கண்ணமங்கலம்
3 ஜூன் 2026

மிஸ்,

காவ்யா வந்துவிட்டாள்.

முப்பதாம் தேதி முருகேசனும் நானும் ஓசூர் போனோம். வழியெல்லாம் உங்கள் தாளை அவர் மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார். முத்திரை எங்கே என்று கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் கையெழுத்தைத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஆஸ்டல் வாசலில் இரண்டு மணிநேரம் நிற்க வைத்தார்கள். காவ்யா வெளியே வந்ததும் அவர் தாளை அவள் கையில் கொடுத்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே படித்தாள். "நான் பாஸா அக்கா?" என்று என்னைக் கேட்டாள். நான் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நான் யார் என்று சொன்னேன். அந்த மூன்று எண்களைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போய் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆரணிவரை திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

உங்கள் பள்ளியில் இடமில்லை என்றுவிட்டார்கள். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை அந்தத் தாளைப் படித்துவிட்டு, பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் சேர்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கணக்கு அவளுக்கு இன்னும் தடுமாற்றம்தான். கன்னியம்மாள் உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னார். என்னைக் கேட்டால், என்னிடம் அனுப்புவதைவிட அது மேல்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

இரண்டாவது தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை. அப்பா போன ஆடி மாதம் போய்விட்டார் மிஸ். உங்கள் முதல் கடிதம் வந்தது மாசியில். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நான் பக்கத்தில் இருக்கும்போது, "நீ படிச்சிருக்கலாம். பொய் சொல்லாம இருந்திருந்தா இன்னொரு வருஷம் அனுப்பியிருப்பேன்" என்றார். அந்த நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஆரணிக்குப் போனபோது அவர் படத்துக்கு முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அப்பாவுக்கு எழுத்துப் படிக்க வராது. எண் வரும், தறியில் இழை எண்ணிப் பழகியவர். நீங்கள் நல்ல வேளையாக 34.5 என்று எண்ணில் எழுதியிருக்கிறீர்கள்.

பானுப்ரியா